எதுவும் மாட்டாத ஆணி

“கலை சாவதில்லை, அது உடம்பை மட்டும் மாற்றிக்கொள்கிறது. மேடையில் பிறந்த நாடகம் திரையில் மறுபிறவி எடுக்கும்போது, மனித குலமே தன் முகத்தைப் புதிய கண்ணாடியில் பார்த்துக்கொள்கிறது.”

இதைச் சொன்ன எங்கள் ஆசான் அப்போது தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது பழைய கண்ணாடியில். நாங்கள் நாடகம் போடும் மன்றத்துக் கழிப்பறையில், கைகழுவும் தொட்டிக்கு மேலே, ஒரு மூலை உடைந்து தொங்கும் கண்ணாடி அது. எங்கள் நாடகக் குழுவுக்கு ஒப்பனை அறையும் அந்தக் கழிப்பறைதான். தாழ்ப்பாள் சேராது. உள்ளே யார் போனாலும் வெளியே ஒருவர் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அன்றைக்கு என் முறை.

“எப்படிய்யா இருக்கு?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“பிரமாதம், ஆசான். கொஞ்சம் சீக்கிரம் மறுபிறவி எடுத்துட்டு வெளிய வந்தீங்கன்னா நல்லாருக்கும். இங்க ரெண்டாவது மகன் வேஷக்காரர் காலை மாத்தி மாத்தி நிக்கறாரு.”

ஆசான் என்ற பட்டம் அவரே தேர்ந்தெடுத்து எங்களிடம் கேட்டு வாங்கிக்கொண்டது. பிழைப்புக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருக்கிறார். அந்தப் பழக்கத்தில், வேறு யாராவது அதிக நேரம் பேசினால் அவருடைய கால் தானாகத் தரையை அழுத்தும், பிரேக் பிடிக்கிறாராம்.

அவர் எழுதிய நாடகத்தின் பெயர் ‘வீட்டை விற்பதாக இல்லை’. தனியாக வாழும் ஓர் அம்மா. மூன்று மகன்களும் ஒவ்வொருவராக வந்து, வீட்டை விற்றுப் பங்கைப் பிரித்துக் கொடுத்துவிட்டு எங்களோடு வந்துவிடு என்று நச்சரிக்கிறார்கள். கடைசியில் அம்மா எழுந்து நின்று ஒரு பேச்சுப் பேசுகிறாள், திரை விழுகிறது. மூத்த மகனாக ஆசானே நடிப்பார். இரண்டாம் காட்சியில் வரும் தபால்காரர் நான். “அம்மா, தபால்” என்பது என் வசனம். இத்தனை வருடங்களில் ஒருமுறைகூட நான் அதை மறந்ததில்லை என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அம்மாவாக நடிப்பவர் ஆசானின் சொந்த அக்கா. குழுவில் எல்லோருக்கும் அவர் பெரியக்கா. தம்பியைவிட இரண்டே வயது மூத்தவர். மேடையில் அவர் “கண்ணா” என்று கொஞ்சுவார். மேடையை விட்டு இறங்கியதும் “டேய்” என்பார். பகலில் மருத்துவமனையில் டோக்கன் எண் கூப்பிடும் வேலை. அங்கே மைக் கெட்டுப்போய் வருடங்கள் ஆகின்றன. பெரியக்கா இருக்கும்போது எதற்கு என்று யாரும் அதைச் சரிசெய்யவில்லை. அவர் கூப்பிட்டால் மருந்துக் கடை வரிசையில் நிற்பவர்கள்கூட ஒருமுறை தங்கள் சீட்டைப் பார்த்துக்கொள்வார்கள்.

இன்னும் ஒருவரைச் சொல்ல வேண்டும்: மன்றத்தின் காவலாளி. சாவிக்காரர் என்றுதான் எங்களுக்குத் தெரியும். அலுவலகம் மூடுவதற்குள் மன்றத்தைப் பூட்டிச் சாவிக்கொத்தை ஒப்படைக்க வேண்டியது அவர் வேலை. அதைச் செய்யவிடாமல் தடுப்பது எங்கள் ஆசானின் வரவேற்புரை. நாடகத்துக்கு முன் ‘இரண்டே வார்த்தை’ பேசுகிறேன் என்று தொடங்குவார். மனித குலம் முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் உட்காருவார். அதனால் ஒவ்வொரு முறையும் கடைசிக் காட்சி நேரம் தாண்டித்தான் நடக்கும். அப்போது சாவிக்காரர் அரங்கத்தின் பின்கதவருகே வந்து நின்று சாவிக்கொத்தை ஆட்டுவார். முதலில் மரியாதையாக ஒரு கிணுக். பிறகு தொடர்ச்சியாக.

அந்தக் கிணுகிணுப்புக்கு நடுவில்தான் பெரியக்கா தன் கடைசிப் பேச்சைப் பேசுவார். எல்லோர் தலைக்கும் மேலாக, அரங்கத்தின் கோடியைப் பார்த்தபடி: “என்னைப் போகச் சொல்றீங்க. எங்க போறது? இந்தக் கதவெல்லாம் என் கை பட்டுப் பட்டுத் தேஞ்சிருக்கு. தேஞ்ச கதவை எவன் வாங்குவான், தேஞ்ச கையை எவன் வச்சுக்குவான்? நான் போகலை. போக வேண்டியவங்க போகலாம்.”

ஜனங்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே போவார்கள். சாவிக்காரர் பூட்டுவார்.

அன்று அரங்கத்தில் ஒரு சினிமா இயக்குநர் உட்கார்ந்திருந்தார். ஆசானின் மறுபிறவிப் பேச்சும் அவருக்காகத்தான். நாடகம் முடிந்ததும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடைக்கே ஏறி வந்தார்.

“அந்தப் பார்வை! அந்த அம்மா எதையோ பாக்கறாங்க பாருங்க. அந்தப் பார்வைக்காகவே நான் இதைப் படமா எடுக்கறேன். என் படத்துல பேச்சே இருக்காது. மௌனம். மௌனம்தான் சினிமா. மௌனத்தைப் பத்தி நான் ஒரு விஷயம் சொல்லணும்...”

சொன்னார். சாவிக்காரர் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்கும்வரை சொன்னார். அன்றிலிருந்து எங்களுக்குள் அவர் பெயர் மௌனம்.

*

படத்துக்கு ஒரு பெரிய கிடங்கில் வீடு கட்டினார்கள். மேடையில் எங்கள் வீடு மூன்று துணித் திரைகள். கதவு மட்டும் மரம். இங்கே உண்மையான தரை, உண்மையான அலமாரி, தண்ணீர் வரும் குழாய். ரெண்டாவது மகன் குழாயைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

கலை இயக்குநர் ஒரு பெண்மணி. கழுத்தில் அளவு நாடாவைத் துண்டு மாதிரிப் போட்டிருப்பார். அவர் ஆசானிடம் வந்து கேட்டார்:

“சார், மூணு சுவர் உங்க நாடகத்துல பாத்தபடி போட்டுட்டேன். நாலாவது சுவர்ல என்ன இருக்கு?”

ஆசான் விழித்தார். இத்தனை வருடங்களாக அந்த வீட்டில் மூத்த மகனாக வாழ்ந்திருக்கிறார். நாலாவது பக்கம் அவர் பார்த்ததெல்லாம் முதல் வரிசை நாற்காலிகள்தான்.

“அங்க... அங்க ஜனங்க இருக்காங்க” என்றார்.

“ஆகா!” என்றார் மௌனம். “என்ன ஒரு தத்துவம்! சுவர் இருக்க வேண்டிய இடத்துல சமூகம்!”

“சரி சார்” என்றார் கலை இயக்குநர். “சமூகத்தை மாட்ட ஆணி எங்க அடிக்கறது?”

இதற்குத் ‘தெரியாது’ என்று பதில் சொல்லியிருக்கலாம். ஆசானுக்கு அந்த வார்த்தை வராது. அவர் நெற்றியில் இரண்டு விரல் வைத்து, அந்தச் சுவரில் இருப்பது ‘நினைவு’ என்றார். மௌனம் விடுவாரா? அது நினைவு இல்லை, ‘மறதி’ என்றார். ஒருவர் கடிகாரம் என்றார். இன்னொருவர் ஓடாத கடிகாரம் என்றார். கண்ணாடி, ஜன்னல், இறந்துபோன கணவரின் படம் எல்லாம் வந்துபோயின. கணவரின் படம் ஏற்கெனவே பின்சுவரில் தொங்குகிறதே என்று நான் சொன்னேன். தபால்காரர் இதில் தலையிட வேண்டாம் என்றார்கள்.

தேநீர் இரண்டு முறை வந்து ஆறிப்போன பிறகு முடிவு பிறந்தது. சுவரில் எதுவும் இருக்காது. ஓர் ஆணி மட்டும் இருக்கும். எதுவும் மாட்டாத ஆணி.

“எதுவோ இருந்துச்சு” என்றார் ஆசான், குரல் தழுதழுக்க.

“இப்ப இல்லை” என்றார் மௌனம். இருவரும் கட்டிக்கொண்டார்கள்.

“அப்ப, ஒரு ஆணி” என்று கலை இயக்குநர் தச்சரிடம் சொல்லிவிட்டு நாடாவைச் சுருட்டினார்.

ஆனால் மௌனம் கட்டிப்பிடித்ததில் ஒரு காரியம் இருந்தது. ஆசானைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார்: பெரியக்கா அற்புதம், ஆனால் மேடைக்காரி. குரல் ஊரைக் கூட்டுகிறது. கேமரா காதோடு பேசும் கலை. அந்த வேடத்துக்கு மகாராணியைக் கேட்டாயிற்று.

மகாராணி யார் என்று தொலைக்காட்சி வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தினமும் ஒரு தொடரில் மருமகளை வீட்டை விட்டுத் துரத்துகிறவர். எந்தக் கண்ணில் கண்ணீர் வேண்டும் என்று கேட்டுவிட்டு அந்தக் கண்ணில் மட்டும் அழக்கூடியவர்.

“உங்க பேர் தனி எழுத்துல வரும்” என்றார் மௌனம். “முதல்ல. கறுப்புத் திரைல. மௌனமா.”

ஆசானின் கால் தரையை அழுத்தவில்லை.

*

மறுநாள் அவர் மருத்துவமனைக்குப் போனார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

“அக்கா, ஒரு நிமிஷம்.”

“டோக்கன் எடுத்தியா?” என்றார் பெரியக்கா, நிமிராமல்.

“நான் உன் தம்பி.”

“தம்பிக்கெல்லாம் தனி வரிசை கிடையாது. அறுபத்தெட்டு! அறுபத்தெட்டு யாரு? உள்ள போங்கய்யா. சொல்லுடா.”

“கலைன்னா என்னக்கா? தியாகம். ஒரு கலைஞன் தனக்குன்னு எதையும்...”

“அறுபத்தொம்பது! அம்மா, குழந்தையை நேராப் பிடிங்க. தியாகம்னா யாரு எதை விட்டுக்குடுக்கணும்? அதை மொதல்ல சொல்லு.”

ஆசான் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த கண் பரிசோதனை அட்டையைப் படித்தேன்.

“அந்த வேஷத்துக்கு மகாராணியைப் போடறாங்களாம். உன் குரல் கேமராவுக்குக் கொஞ்சம்... பெரிசாம்.”

“நீ என்ன சொன்னே?”

“கலைக்காக...”

“சரின்னுட்டே.”

“என் பேர் தனி எழுத்துல வருதுக்கா.”

“அப்ப தியாகம் பண்றது நானு, பேர் வாங்கறது நீயி. நல்ல பங்குதான். உன் நாடகத்துல மூணு பசங்க பங்கு கேக்கறானுங்களே, அவனுங்களே தேவலாம்டா.” அவர் சிரிக்கத்தான் பார்த்தார். “அறுபத்தெட்டு!” என்றார்.

“அந்த ஐயா அப்பவே உள்ள போயிட்டாருக்கா” என்றேன் நான்.

பெரியக்கா கொஞ்ச நேரம் எந்த எண்ணையும் கூப்பிடவில்லை. எத்தனையோ வருடங்களில் அந்த இடத்தில் அமைதி விழுந்தது அப்போதுதான். மருந்துக் கடையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

“இங்க பாரு” என்றார் கடைசியில். “அந்தக் கடைசிப் பேச்சை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவங்க கேமரா முன்னாடி நான் பேசறேன். அந்த மனுஷன் பாக்கட்டும். நல்லால்லைன்னா மகாராணிக்கு நானே புடவை மடிப்பு எடுத்து விடறேன். ஆனா பாக்காமலே என்னை வெளிய அனுப்பக் கூடாது. போய்ச் சொல்லு. எழுபது!”

*

சோதனைப் படப்பிடிப்புக்குப் பெரியக்கா தன் மேடைப் புடவையிலேயே வந்தார். மகாராணியும் வந்திருந்தார். பெரியக்கா முடித்ததும் அதே இடத்தில் அவரையும் எடுத்துப் பார்ப்பதாக ஏற்பாடு. மகாராணி புதிதாகக் கார் வாங்கி, தானே ஓட்டத் தொடங்கியிருந்தார். அது எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதற்காகச் சாவியைக் கைப்பையில் போடாமல் விரலிலேயே மாட்டிக்கொண்டு திரிந்தார். அதோடு வீட்டுச் சாவி, அலமாரிச் சாவி என்று ஒரு பெரிய கொத்து.

“ஓட்ட எங்க கத்துக்கிட்டீங்க?” என்று ஆசான் தொழில் முறையில் விசாரித்தார்.

“இன்னும் கத்துக்கிட்டுதான் இருக்கேன்” என்றார் மகாராணி. ஆசான் வாசலில் நின்ற தன் ஸ்கூட்டரை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வந்தார்.

நாலாவது சுவர் தயாராகவில்லை. ஆணி அடித்தாகிவிட்டது, வண்ணம் காயவில்லை. அதனால் கிடங்குக்கு வெளியே சாத்தி வைத்திருந்தார்கள். அந்தத் திறந்த பக்கத்தில் கேமராவை நிறுத்தினார்கள்.

மௌனம், பெரியக்காவின் காதருகே குனிந்தார். “நீங்க நடிக்கவே வேணாம். எதிர்ல ஒரு சுவர் இருக்குன்னு வச்சுக்குங்க. அதுல ஒரு ஆணி. ஆணில ஒண்ணும் இல்லை. அந்த ஒண்ணும் இல்லாததைப் பாருங்க.”

பெரியக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “பாக்கறேன். ஒண்ணும் தெரியலை.”

“அதேதான்!”

முதல் முறை பேசியபோது ஒலிப்பதிவாளர் காதுக் கருவியைக் கழற்றி எறிந்தார். இரண்டாவது முறை, குரலைக் குறைக்கச் சொன்னதால், நோயாளியின் சொந்தக்காரரிடம் பேசுவது மாதிரி இருந்தது. மூன்றாவது முறை “எங்க போறது?” என்றதோடு பெரியக்கா நின்றுவிட்டார்.

இங்கே ஒரு தொழில் விஷயம். மற்ற இயக்குநர்கள் ‘கட்’ என்று கத்துவார்கள். அப்போது கேமரா நிற்கும். மௌனத்துக்கு அந்த வார்த்தை கொச்சை. அவர் கண்ணை மூடிக் கையை மெல்ல உயர்த்துவார். அன்று அவர் தூணுக்குப் பின்னால் நின்று உயர்த்தினார். ஒளிப்பதிவாளருக்குத் தெரியவில்லை. கேமரா ஓடிக்கொண்டேயிருந்தது.

“அக்கா, போதும்க்கா, வந்துடு” என்று கிசுகிசுத்தார் ஆசான். தம்பி என்ற முறையில் அவர் அப்போது அக்காவைக் கூட்டி வர நிஜமாகவே ஓர் அடி எடுத்து வைத்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

“இருடா” என்றார் பெரியக்கா. “இங்க ஒருத்தரும் என்னைப் போகச் சொல்லலையே. எல்லாரும் மரியாதையா நிக்கறாங்க. போகச் சொல்றதுக்கு ஆளே இல்லைன்னா, போக மாட்டேன்னு நான் யார்கிட்ட சொல்றது?”

அந்த நேரத்தில் கேமராவுக்குப் பின்னால் மகாராணிக்கு அலுத்துப்போனது. இந்த அம்மா முடித்தால்தானே நாம் நின்று காட்டி வீட்டுக்குப் போகலாம். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். சாவிக்கொத்தை விரலில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

கிணுக்.

நான் பெரியக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய தோள்தான் முதலில் நிமிர்ந்தது. பிறகு கழுத்து. பிறகு அந்தக் கண்கள், கேமராவைத் தாண்டி, எங்கள் எல்லோர் தலைக்கும் மேலாக, இருட்டில் நின்ற மகாராணியின் கையில் போய் நின்றன. மன்றத்தில் எத்தனை முறை பார்த்த பார்வை! ஒருவர் தன்னைக் கிளம்பச் சொல்லிக்கொண்டு நிற்கிறார். தன் பேச்சோ இன்னும் முடியவில்லை.

“என்னைப் போகச் சொல்றீங்க” என்றார் பெரியக்கா.

குரல் பெரிதும் இல்லை, சிறிதும் இல்லை. அந்தச் சாவி வரைக்கும் போய்ச் சேர எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு.

மகாராணியின் விரல் நின்றது. பெரியக்கா காத்திருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் மகாராணி பதற்றத்தில் மறுபடி ஆட்டினார். கிணுக், கிணுக்.

“எங்க போறது? இந்தக் கதவெல்லாம் என் கை பட்டுப் பட்டுத் தேஞ்சிருக்கு.” அவர் கையை விரித்துப் பார்த்தார். இது நாடகத்தில் கிடையாது. டோக்கன் சீட்டுக் கிழித்துக் கிழித்து நுனி காய்த்த விரல்கள். “தேஞ்ச கதவை எவன் வாங்குவான்? தேஞ்ச கையை எவன் வச்சுக்குவான்?”

ஆசான் என் தோளைப் பிடித்திருந்தார். நகம் உள்ளே இறங்கியது. தொழில்நுட்பக்காரர்கள் ஒருவரும் அசையவில்லை. சாவிச் சத்தம் நிற்க மறுத்தது.

“நான் போகலை” என்றார் பெரியக்கா. பிறகு, கிட்டத்தட்டக் கனிவாக: “போக வேண்டியவங்க போகலாம்.”

மகாராணி திரும்பி நடந்தார். கிடங்கு வாசல்வரை போய், கதவில் கை வைத்த பிறகுதான் தான் யார், எதற்கு வந்தோம் என்று அவருக்கு ஞாபகம் வந்தது.

முதலில் கைதட்டியவர் தச்சர். பிறகு எல்லோரும். ஒலிப்பதிவாளர் மட்டும் கையைப் பிசைந்தார்: “சார், அருமை சார். ஆனா பின்னாடி சாவிச் சத்தம் மொத்தமும் விழுந்துடுச்சே!”

மௌனம் தூணுக்குப் பின்னாலிருந்து வந்தார். வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. அவர் தொழிலுக்கு வந்ததிலிருந்து முதல்தடவையாக உண்மையிலேயே மௌனமாக இருந்தார். கடைசியில், “அந்தச் சத்தம்தான்யா படம்” என்று மட்டும் சொன்னார்.

பெரியக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தம்பியிடம் வந்தார். “என்னடா, தியாகம் பண்ணணுமா, வேணாமா?”

ஆசான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கண்ணிலும் கண்ணீர். எந்தக் கண்ணில் வேண்டும் என்று கேட்க அவருக்குத் தெரியாது.

மகாராணி திரும்பி வந்தார். எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். பெரியக்காவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இத்தனை வருஷமா தினமும் ஒருத்தியைத் துரத்தறேன்” என்றார். “என்னை யாரும் துரத்துனதில்லை. நல்லாத்தான் துரத்துறீங்க.”

“நீங்க நல்லா ஆட்டுனீங்கம்மா” என்றார் பெரியக்கா. “எங்க சாவிக்காரரை விட ஒரு சுதி மேல.”

*

அதற்குப் பிறகு அந்தக் காட்சியை மௌனம் மறுபடி எடுக்கவே இல்லை. சோதனைக்கு எடுத்ததே படத்தின் முடிவு என்று அறிவித்துவிட்டார். கேமரா நின்ற இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டு, செருப்போடு யாரும் மிதிக்கக் கூடாது என்றார். “சத்தியம் இந்தப் பக்கத்துல இருந்துதான் தெரிஞ்சுது. இனிமே ஒரு காட்சியும் வேற பக்கத்துல இருந்து எடுக்க மாட்டேன்.” எடுக்கவில்லை.

சாவிச் சத்தத்துக்குக் கதையில் ஒரு காரணம் வேண்டுமே. வீட்டை வாங்க வந்து நிற்கும் பெண்மணி என்று ஒரு வேடம் உண்டாயிற்று. மகாராணியே அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆசான் மகிழ்ந்துபோய் அவருக்குப் பக்கம் பக்கமாக வசனம் எழுதிக்கொண்டு வந்தார். மௌனம் எல்லாவற்றையும் படித்து, கண்ணீர்விட்டு, சாவியை மட்டும் வைத்துக்கொண்டார்.

படம் வெளியான அன்று மருத்துவமனையிலிருந்து ஒரு வரிசையே வந்து உட்கார்ந்திருந்தது. பெரியக்கா திரையில் முதல்முறை முகம் காட்டியதும், “அட, நம்ம டோக்கன் அக்காடோய்!” என்று ஒரு குரல் எழுந்தது; அரங்கமே சிரித்தது. கடைசிக் காட்சியில் சிரிப்பில்லை. முதல் கிணுக் கேட்டதும் எனக்கு இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்திருந்த சாவிக்காரரின் கை அனிச்சையாகச் சட்டைப் பைக்குப் போனது. “போக வேண்டியவங்க போகலாம்” என்று பெரியக்கா சொல்லித் திரை கறுத்த பிறகு ஒருவரும் போகவில்லை. எழுந்து நின்று தட்டினார்கள். விளக்குப் போட்டும் தட்டினார்கள். அடுத்த காட்சிக்கு வெளியே நின்ற கூட்டம், உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாமலே சேர்ந்து தட்டியது. பெரியக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆசான் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று, வருவோர் போவோரிடமெல்லாம் “என் அக்கா, என் அக்கா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். தனி எழுத்தில் வந்த தன் பெயரைப் பற்றி அன்று அவர் வாயே திறக்கவில்லை.

வெளியே வந்து சாவிக்காரர் என்னிடம் கேட்டார்: “சீக்கிரமே முடிஞ்சிடுச்சே. வரவேற்புரை இல்லையா?”

“சினிமால கிடையாதுங்க.”

“அப்ப இனிமே இங்கயே நடிக்கச் சொல்லுங்க” என்றார்.

அந்த வருடத்தின் சிறந்த நடிகை பெரியக்காதான். விருதை வாங்க மேடையேறியவர் மைக்கை ஒதுக்கிவிட்டு, கடைசி வரிசைவரை கேட்கும்படி, “என்னைப் பாக்காமலே அனுப்பிடாம, ஒரு தடவை பாத்தாங்க. அது போதும். எல்லாரும் பத்திரமா வீட்டுக்குப் போங்க” என்றார். கூட்டம் எழுந்து நின்றது. மறுநாள் காலை வழக்கம்போல வேலைக்குப் போனார். அவரைக் கௌரவிக்க மருத்துவமனையில் மைக்கைச் சரிசெய்து வைத்திருந்தார்கள். அவர் அதில் தன் கைப்பையை மாட்டினார்.

அதே விழாவில் சிறந்த கலை இயக்கத்துக்கும் விருது கிடைத்தது. நடுவர்களின் பாராட்டுரையை ஒருவர் வாசித்தார்: ‘வீட்டின் நான்காவது சுவரில் எதுவும் மாட்டாத அந்த ஒற்றை ஆணி, ஒரு தலைமுறையின் இழப்பை மௌனமாகப் பேசுகிறது.’ கலை இயக்குநர் நாடா இல்லாத கழுத்தைத் தடவிக்கொண்டே போய் வாங்கிவந்தார். மௌனம் படம் வெளியாவதற்கு முன்பே அந்த ஆணியைப் பற்றி ஒரு நீண்ட பேட்டி கொடுத்திருந்தார். ஆசானைக் கல்லூரிகளில் கூப்பிடுகிறார்கள். ‘ஆணியும் மனித குலமும்’ என்ற தலைப்பில், இரண்டே வார்த்தை என்று தொடங்கி, மாணவர்கள் மணி அடிக்கும்வரை பேசுகிறார். கேட்டவர்கள் பலர் அந்த ஆணியைப் பார்த்த கணத்தில் அழுததாக அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

வண்ணம் காய்வதற்காகக் கிடங்குக்கு வெளியே சாத்திய சுவரை, படப்பிடிப்பு முடியும்வரை யாரும் உள்ளே எடுத்து வரவில்லை. அந்த ஆணியில் தச்சர் தன் சாப்பாட்டுப் பையை மாட்டியிருந்தார். படத்தில் அது ஓர் இடத்திலும் வரவில்லை.